எருக்கு மதினி

வாகைக்கரிசல் ஊரில் பலவேசத்தின் மூன்றாவது கல்யாணம் ஒரு வைகாசி மாத வெள்ளிக்கிழமைக் காலையில், ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில், ஆளுயரம் வளர்ந்திருந்த ஓர் எருக்கஞ்செடியோடு நடந்தது. நான்காவது கல்யாணம் அதே நாளில், அதே மேளக்காரர்களை வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அம்மன் கோயிலில் தங்கபுஷ்பம் என்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணோடு நடந்தது. இரண்டு பெண்டாட்டிகளைப் பறிகொடுத்தவனுக்கு மூன்றாமவளும் தங்கமாட்டாள் என்பது அந்தப் பக்கத்தில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால் மூன்றாமவளாக ஒரு செடிக்குத் தாலி கட்டி, கட்டிய சூட்டோடு அதை வெட்டி ஓடையில் எறிந்து, வரவேண்டிய சாவு வந்துவிட்டுப் போய்விட்டது என்று தலைமுழுகிவிட்டு நான்காமவளைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அவர்கள் வழக்கம்.

அந்தக் கல்யாணத்துக்கும் முறை உண்டு. மாப்பிள்ளை ஒரே ஒரு முடிச்சுப் போடுவான். அதோடு விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பெண்ணுக்குக் கட்டுகிற மாதிரி மூன்று முடிச்சும் விழுந்துவிட்டால் செடி நிஜமாகவே பெண்டாட்டி ஆகிவிடும். பெண்களுக்குக் கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, மற்ற இரண்டும் அவன் உடன்பிறந்தவளுடையவை. பலவேசத்தின் தங்கை வெயிலுகந்தாள் முதல் அண்ணியான அன்னமயில் மதினிக்கு இரண்டு முடிச்சுப் போட்டவள், இரண்டாவதாக வந்த கோமு மதினிக்கும் இரண்டு முடிச்சுப் போட்டவள். புருஷன் ஆறே மாதத்தில் திருப்பி அனுப்பிய பிறகு பதினோரு வருஷமாக அண்ணன் வீட்டு முன்கூடத்துப் பட்டாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டி ஒட்டி, யோசிக்கிற வேலையை மனசிடமிருந்து வாங்கிக் கொண்டுவிட்ட விரல்கள் அவளுடையவை. அண்ணன் ஒரு முடிச்சைப் போட்டுக் கையை எடுத்ததும் அந்த விரல்கள் தாமாகப் போய், சாம்பல் பூசிய அந்தத் தண்டில் மிச்ச இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டுவிட்டன.

"ஏட்டி, என்ன செஞ்ச?" என்றாள் தாய் மூக்கம்மா.

"கை பழக்கம்" என்றாள் வெயிலுகந்தாள்.

ஜோசியர் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, கோயிலில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள், அவிழ்த்தால் அபசகுனம், அவிழ்க்காவிட்டாலும் அபசகுனம். வெட்டத்தானே போகிறோம் என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். அரிவாளோடு நின்ற பங்காளி ஒருவன் தரைக்கு ஒரு சாண் மேலே ஒரே வெட்டாக வெட்டினான். எருக்கை அப்படி வெட்டினால் மறு வாரமே தழைத்து நிற்கும் என்று ஆடு மேய்க்கிற எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான், ஆனால் அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எருக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. அடுப்படியில், கதவிலிருந்து ஒரு கை தூரத்தில், ஆறு வருஷத்துக்கு முன்னால் புதிதாகச் சிமெண்ட் பூசிய இடம் மட்டும் பிளந்து, ஆளுயரத்துக்கு நின்றது. தடித்த இலைகளில் வெள்ளைப் பூஞ்சுணை அப்படியே இருந்தது, கொத்துக் கொத்தாக ஊதாப் பூ பூத்திருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறும் மூன்று முடிச்சும் இருந்தன. முதலில் பார்த்தது மூக்கம்மாதான். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "வந்துட்டாளாக்கும்" என்றாள். ஒரு உழக்கு அரிசி கூடுதலாகப் போடச் சொன்னாள். பிறகு யோசித்து, இவள் சோறு தின்னமாட்டாளே, திங்காத மருமகளாக ஒருத்தி வாய்த்தது நல்லதுதான் என்று அரிசியைத் திரும்பப் பானையிலேயே கொட்டச் சொன்னாள்.

செடி நிற்கிற இடத்தைப் பார்த்ததும் வெயிலுகந்தாள் அடுப்படி வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டாள். கோமு மதினி கருகிக் கிடந்த இடம் அது. அன்றைக்கு வந்து எட்டிப்பார்த்த ஊர் முழுவதற்கும் அது தெரியும். ஆனால் ஊர் தெரியாததுபோல மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு புதுப்பெண் பார்க்க வந்தது. வந்த பெண்கள் இலையைத் தொட்டுப்பார்த்து, மேல் நல்ல மெத்தென்று இருக்கிறது என்றார்கள். மூத்தவள் இவள் என்பதால் முதல் குங்குமம் செடிக்கும் இரண்டாவது புஷ்பத்துக்கும் வைத்தார்கள். ரேஷன் கடைக்காரர் கார்டில் பெயர் சேர்க்கத் தயாராகத்தான் இருந்தார், வயது எழுதுகிற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாததால் மட்டும் நிறுத்தி வைத்தார்.

ஒரு மாதத்தில் எல்லாம் சகஜமாகிவிட்டது. மூக்கம்மா எருக்கோடு வாய்ச்சண்டை போட ஆரம்பித்தாள். நாள் முழுக்க நட்டுக்க நிக்கிறதுக்கா உன்னை கெட்டிக்கிட்டு வந்தோம் என்று கேட்டாள், அம்மிக்கு இடமில்லாமல் கிளையை நீட்டுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் புகார் சொன்னாள், சண்டை முற்றினால் செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரில் வேறு எருக்கம்பூவே கிடைக்காததுபோலத் தாம்பாளமும் கையுமாக வந்து நின்றவர்களிடம், "அவகிட்டயே கேட்டுக்கோங்க, எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல" என்றாள். வந்தவர்கள் செடியிடம் கேட்டு, கொஞ்சம் பொறுத்திருந்து, பிறகு பறித்தார்கள். வரிவரியாகப் புழு ஊர்ந்தது, புழுவெல்லாம் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியாகிச் சோற்றுப்பானை மேல் உட்கார்ந்தது, அதையும் மதினி வீட்டுச் சொந்தக்காரர்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

பிறகு காய் பிடித்தது. இரட்டை இரட்டையாகப் பச்சைக் காய்கள் உப்பியதும், வீட்டுக்கு வந்தவள் மாசமாகிவிட்டாள் என்று பெண்கள் கூடிப் பேசி, நல்ல நாள் பார்த்து வளைகாப்புப் போட்டார்கள். கிளைக்குக் கிளை கண்ணாடி வளையல் மாட்டினார்கள். புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் ஆக்கினார்கள். பக்கத்து ஊர் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையாகூட வந்து இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பலவேசத்தின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று புளியோதரை பரிமாறிய புஷ்பத்தின் இடது கண்ணுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது. பந்தியில் இருந்த நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, உப்பு ஒரு கல் தூக்கல் என்றார்கள்.

பலவேசம் குடிகாரன் கிடையாது. சூதாடி கிடையாது. ஊரில் அவனுக்கு நல்ல பெயர், பொதுக்காரியத்துக்கு முன்னால் நிற்பவன், யாரைக் கண்டாலும் துண்டை இறக்கிக் கும்பிடுகிறவன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் வேறு ஆள். குழம்பு ஆறியிருந்தால் அடிப்பான், சுட்டாலும் அடிப்பான். அவன் கை ஓங்கும்போதெல்லாம் எருக்கின் ஏதோ ஓர் இலை தானாக முறிந்து, பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். இதுவும் ஊருக்குத் தெரியவந்தது. "கண்ணு கலங்குதா, பாவம், இளகின மனசு" என்றார்கள். எதற்கு ஒரு செடி அழுகிறது என்று கேட்க ஊரில் ஒரு நாதியில்லை, அத்தனை பேருக்கும் நாக்கு இருந்தது, அத்தனை நாக்கும் உப்புப் பார்க்கத்தான் இருந்தது.

வெயிலுகந்தாளும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது, அவள்தான் பதில். அன்னமயில் மதினி கிணற்றில் தவறி விழுந்தபோது அவள் ஊரில் இல்லை. ஆனால் கோமு மதினி போன அன்று மத்தியானம் இதே பட்டாசலில் உட்கார்ந்து இதே தீப்பெட்டிக் கூட்டைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் வாடை வந்தது. பிறகு அடுப்படிக் கதவின் வெளி நாதாங்கி விழுகிற சத்தம் வந்தது. நாய் நுழையாமலிருக்கப் போட்ட இரும்பு நாதாங்கி அது, டக்கென்று ஒரு சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அண்ணன் கதவுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு கேட்டது எதையும் அவள் நினைக்கமாட்டாள். எல்லாம் அடங்கிய பின் மூக்கம்மா உள்ளே போய், முழுசாக உட்கார்ந்திருந்த பித்தளைப் பம்பு ஸ்டவ்வைத் தூக்கிவந்து அவள் மடியில் வைத்து, "இதைப் பரண்ல போடு, யாரு கேட்டாலும் அடுப்பு வெடிச்சுச் செதறிப்போச்சுன்னு சொல்லு, இந்த வீட்டை விட்டா உனக்குப் போக்கிடம் ஏது" என்றாள். கேட்டவர்கள் எல்லோரிடமும் வெயிலுகந்தாள் அப்படியே சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும் அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே தலையாட்டினார்கள்.

அந்த ஸ்டவ் சாக்குக்குள் பரணில் இருந்தது. வருஷா வருஷம் கோமு போன நாளில் வெயிலுகந்தாள் ஏறிப்போய், பம்பு வாஷர் காய்ந்துபோகாமல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து வைப்பாள். எதற்கு என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் புஷ்பம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, கோமு அக்கா எப்படிச் செத்தாக?"

"அடுப்பு வெடிச்சு, மதினி." பன்னிரண்டு வயது இளையவளாக இருந்தாலும் முறை முறைதான்.

"எந்த அடுப்பு?"

வெயிலுகந்தாள் குனிந்து செடியடியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கினாள். எருக்கிலிருந்து ஒரு சொட்டுப் பால் அவள் புறங்கையில் விழுந்து வெள்ளையாகக் காய்ந்தது. அன்றைக்கு முழுக்க எத்தனை தேய்த்துக் கழுவியும் அந்தப் பிசுக்குப் போகவில்லை.

அந்த வாரத்தில்தான் ஜோசியர் வந்து கட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, சாக வேண்டிய மூன்றாமவள் உசிரோடு இருக்கிறாள், அதனால் புஷ்பம் நான்காமவளா மூன்றாமவளா என்பதே தகராறாகிவிட்டது, செடியை முடித்தால்தான் பெண் பிழைக்கும் என்று சொன்னார். இரண்டு தரம் வேரோடு பிடுங்கிப் பார்த்தார்கள், இரண்டு தரமும் மறுநாள் அதே இடத்தில் வளையலோடு நின்றது. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். "கொளுத்திருவோம்" என்றான் பலவேசம். அது சரிதான் என்றார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வெயிலுகந்தாளுக்கு அப்போதுதான் அந்தக் கோபம் வந்தது. பதினோரு வருஷமாக வராத கோபம், கால் பெருவிரலிலிருந்து ஏறி வந்தது. இந்த ஊருக்கு எல்லாம் தெரியும். முதலில் ஒருத்தி செத்தபோது தெரியும், இரண்டாமவள் செத்தபோது நன்றாகவே தெரியும், மூன்றாவதாக ஒருத்தி வந்தால் அவளையும் இவன் விடமாட்டான் என்று அத்தனை உறுதியாகத் தெரிந்ததால்தான் ஒரு செடியைக் கூட்டிவந்து அவன் கையில் கொடுத்தார்கள், இதைக் கொன்று ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள் என்று. அவன் கையைப் பிடிக்க ஒருத்தரும் வரவில்லை, அவன் கையில் கொடுக்க ஊரே மேளத்தோடு வந்தது. அந்த மேளத்துக்கு முன்னால் தானும்தான் நடந்தாள், முடிச்சும் போட்டாள் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கைகளை வெட்டிப்போடலாம் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு ஊர் முற்றத்தில் கூடியது. பலவேசம் ஒரு டின் மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருந்தான். அடுப்படியில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களைப் புஷ்பம் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தாள். கடைசியாக அரிசிப் பானையை எடுக்க அவள் உள்ளே போனாள். அவன் டின்னோடு பின்னால் போய், செடியின் தலையிலிருந்து அடிவரைக்கும் ஊற்றி, கதவு வரைக்கும் ஒரு கோடாக ஊற்றிக்கொண்டே பின்னால் நடந்து வாசற்படியைத் தாண்டினான், டின்னைக் கீழே வைத்தான், கதவை இழுத்தான், அவன் வலது கை தானாகப் போய் நாதாங்கியைப் போட்டது.

டக்கென்று சத்தம் கேட்டது.

முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. "அந்தப் புள்ள உள்ளல்லா இருக்கு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள், சொன்னவரும் நின்ற இடத்திலேயே நின்றார். பலவேசத்தின் காதில் எதுவும் விழவில்லை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், வெற்றிலை போடப்போகிறவன் மாதிரி, பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கிழித்து, கதவுக்கடியில் கசிந்துவந்த ஈரத்தைப் பார்த்துக் குனிந்தான்.

வெயிலுகந்தாள் எப்படிப் பட்டாசலிலிருந்து அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. எரிகிற குச்சியைக் கையோடு பொத்திப் பிடித்தாள். உள்ளங்கை பொசுங்கியது. மற்றக் கையால் நாதாங்கியை நீக்கிக் கதவைத் தள்ளினாள். இடுப்பில் அரிசிப் பானையோடு புஷ்பம் வெளியே வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, இதற்காக அவள் வந்த நாளிலிருந்து காத்திருந்தவள் மாதிரி இருந்தாள்.

பலவேசம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கை பழக்கத்துல போட்டுட்டேன்" என்றான்.

"எந்தப் பழக்கம்ணே?" என்றாள் வெயிலுகந்தாள்.

அவன் கையை வேட்டியில் துடைத்தான்.

"ஆள் உள்ள இருக்கையில கதவை வெளிய போடுறது உனக்கு எப்போலேருந்து பழக்கம்? எல்லாரும் நிக்காங்கல்லா, சொல்லு."

பிறகு அவள் ஏணியைச் சார்த்திப் பரணில் ஏறினாள். மூக்கம்மா கீழேயிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள், கெட்ட வார்த்தையில் வைதாள், கடைசியில் கெஞ்சினாள். வெயிலுகந்தாள் சாக்கை உதறி ஸ்டவ்வை எடுத்துவந்து முற்றத்தின் நடுவில் வைத்தாள். ஒரு நெளிவு இல்லை, ஒரு கீறல் இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்த பித்தளை வெயிலில் மின்னியது. டின்னில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயை ஊற்றினாள், பர்னருக்குக் கீழேயிருக்கிற கிண்ணத்தில் கொஞ்சம் விட்டுப் பற்றவைத்துச் சூடேற்றினாள், பொசுங்கிய கையாலேயே பம்பு அடித்தாள். இரண்டு முறை புகைந்துவிட்டு, ஸ்டவ் இரைந்துகொண்டு நீலமாக எரிந்தது.

"கோமு மதினியைக் கொன்ன அடுப்பு இதுதான். வெடிச்சுச் செதறிப்போச்சுன்னு நான்தான் சொன்னேன். செதறினதைக் கண்ணுல பார்த்தவங்க யாராவது இருந்தா வாங்க."

ஊர் அந்தத் தீயைப் பார்த்தது. பிறகு ஒருவர், இது வேற அடுப்பாக இருக்கும் என்றார். அந்த மாதிரி ஸ்டவ் அப்போ வீட்டுக்கு ரெண்டு இருந்துதே என்றார் இன்னொருவர். வெடித்த பிறகு ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள் என்றார் ஜோசியர். செடி நடந்து வந்ததை விடியுமுன் நம்பியவர்கள், செடிக்குச் சீமந்தம் செய்து புளியோதரை தின்றவர்கள், ஓர் அடுப்பு வெடிக்கவில்லை என்பதை மட்டும் நம்ப முடியாமல் அந்த வெயிலில் நின்று தவித்தார்கள். த்தூ என்று முற்றத்தில் துப்பினாள் வெயிலுகந்தாள். நம்ப மாட்டார்கள், நம்பினால் அவரவர் தலையாட்டியது அவரவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

அவள் தீயை அணைத்து, சூடு ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். புஷ்பமும் அரிசிப் பானையோடு கூடவே நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. மூக்கம்மா மட்டும் பின்னாலேயே தெருமுனை வரை வந்து, "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றாள். "ஏற மாட்டேன்" என்றாள் மகள். ஓடையைத் தாண்டும்போது பின்னால் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை, நடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

ஸ்டேஷனில் வளைகாப்புக்கு வந்த அதே ஏட்டையா இருந்தார். புஷ்பத்தைப் பார்த்ததும் எழுந்து, "நம்ம பலவேசம் வீடுதானே, புருஷன் பொண்டாட்டி தகராறுக்கெல்லாம் இங்க வரப்பிடாதும்மா" என்று ஆரம்பித்தார்.

"தகராறு இல்லய்யா. புகார்" என்றாள் வெயிலுகந்தாள்.

"புகார் குடுக்கது யாரு, இந்தப் புள்ளையா?"

"இல்ல. எங்க மதினி."

வெயிலுகந்தாள் சன்னலைக் காட்டினாள். ஸ்டேஷன் வாசலில், இவர்கள் உள்ளே வரும்போது வெறும் சரளையாக இருந்த இடத்தில், எருக்கு நின்றுகொண்டிருந்தது. இலையெல்லாம் மண்ணெண்ணெயில் நனைந்து தொங்கின. வளையல் அப்படியே இருந்தது, கயிறும் மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. ஒரு காய் வெடித்து, வெள்ளைப் பஞ்சு ஒவ்வொன்றாக வாகைக்கரிசல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. ஏட்டையா அதைப் பார்த்தார். அதன் வளைகாப்புச் சோற்றைக் கேட்டு வாங்கித் தின்றவர், அதைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. உட்கார்ந்து காகிதத்தை இழுத்தார்.

"புருஷன் பேரு?"

"பலவேசம்."

"இவங்க எத்தனாவது?"

"மூணாவது. மூணு முடிச்சும் விழுந்திருக்கு, ரெண்டு நான் போட்டது."

"சாட்சி?"

"நான்."

அவர் பேனாவை உதறினார். மேசைமேல் இருந்த சாக்கு மூட்டையையும் அவளுடைய கொப்புளம் போட்ட கையையும் பார்த்தார்.

"எங்கேயிருந்து ஆரம்பிக்க?"

வெயிலுகந்தாள் சாக்கைப் பிரித்து ஸ்டவ்வை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"அடுப்பு வெடிக்கலன்னு ஆரம்பிங்க" என்றாள்.